குருவையா வீட்டு வாசலில் நின்ற தண்ணீர்

எங்கள் நல்லூரணியில் ஊரணி என்பது பேரில்தான் உண்டு. எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம், குழாயில் தண்ணீர் வரும். அதைக் குடத்தில், அண்டாவில், டிரம்மில், பிள்ளை குளிக்கிற வாளியில், ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டிலில் என்று பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த எட்டு நாளை ஓட்டுகிற ஜனங்கள் நாங்கள். அதனால் ஓர் ஆடி மாதத்தில் எங்கள் தண்ணீர் டம்ளரை விட்டு இறங்கித் தெருவில் நடந்து போனபோது, அது எப்படி நடக்கிறது என்று எவரும் கேட்கவில்லை, யார் வீட்டுக்குப் போகிறது என்றுதான் கேட்டோம்.

அந்தத் தண்ணீரை ஒரே இடத்தில் கூட்டி வைத்தவள் ரெஜினா என்ற பெண். பாண்டிச்சேரிப் பக்கம் ஓவியம் படித்தவள், இருபத்தாறு வயது இருக்கும், தோளில் ஒரு பை, காலில் ஆண்பிள்ளைச் செருப்பு. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கி, பந்தி மேசைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, வீடு வீடாக வந்து சொன்னாள்: உங்களுக்குச் சொந்தம் என்று நீங்கள் நினைக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் கொண்டு வந்து வையுங்கள், அது ஏன் உங்கள் தண்ணீர் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள், ஊரே சேர்ந்து செய்கிற சித்திரம் அதுதான், நான் வெறுமனே மேசையைத் துடைக்கிறவள். தண்ணீர் கேட்க இவளுக்கு நம்ம ஊர்தான் கிடைத்ததா என்று சிரித்தோம். ஆனால் அந்தப் பெண் போன வீட்டிலெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன கதையை முழுக்கக் கேட்டாள், அப்படிப்பட்ட பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும், மறுநாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் டம்ளரோடு மண்டபத்துப் படியேறினோம்.

சோடாக்கடைக்காரர் சோடாவுக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கொண்டு வந்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண் தன் மத்தியானச் சாப்பாட்டுப் பாட்டிலிலிருந்து பாதியை ஊற்றினாள். ஒருத்தி அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டு வந்து இதுவும் சேருமா என்று கேட்க, சேரும் என்றாள் ரெஜினா. ஒரு டம்ளர் மஞ்சளாக இருந்தது, ஒன்று கலங்கலாக இருந்தது, ஒன்றில் துளசி கிடந்தது. பரீட்சைக்கு எழுதாதவர்களெல்லாம் இந்தச் சீட்டுக்கு மூளையைக் கசக்கி எழுதினார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் தெற்குத் தெரு வேலுத்தாய் வந்தாள். ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, பெரிய குரல், பலசரக்குக் கடை தங்கப்பழத்தின் பெண்சாதி. டம்ளரை வைத்துவிட்டு, சீட்டில் ‘என் வீட்டுத் தண்ணி’ என்று மட்டும் எழுதினாள். இன்னும் கொஞ்சம் எழுதலாமே அம்மா என்று ரெஜினா சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு போதும், புரிய வேண்டியவனுக்குப் புரியும் என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் படியிறங்கிப் போய்விட்டாள். மண்டபத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தப் புரிய வேண்டியவன் யார் என்று ஊருக்கே தெரியும்.

அது அவளுடைய தம்பி குருவையா. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று பார்த்து, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வால்வுக் குழியில் இறக்கி, பல்லைக் கடித்துத் திருகுவார். நல்லூரணியில் அவர் கை படாத தண்ணீரை எவரும் குடிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதர் பதினோரு வருசமாகத் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

காரணம் ஒரு தட்டு. வேலுத்தாய் வீட்டை இடித்துக் கட்டி, டைல்ஸ் ஒட்டி, மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்திருந்த நாளில், குருவையா வேலை முடித்த சேற்றுக் காலோடு வந்து, எப்போதும் போல நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையில் மொள்ளப் போனார். அக்கா அவரைத் தடுத்து, நீ உக்காரு, நான் கொண்டு வாரேன் என்று நாற்காலியில் உட்கார வைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, டம்ளரைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தட்டில் வைத்துக் கொடுப்பது அந்நியனுக்கு, நான் அந்நியனாகிவிட்டேனா என்று குருவையாவுக்கு நெஞ்சு வெந்துபோனது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் என் தம்பியை எவனும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது, அவர்களுக்குச் செய்த மரியாதையை அவனுக்கும் செய்தேன் என்பது வேலுத்தாயின் பக்கம். குருவையா டம்ளரைத் தொடாமல் எழுந்து, உன் வீட்டில் இனி பச்சைத் தண்ணீர் என் பல்லில் படாது என்றார். படவேண்டாம் என்றாள் அவளும். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்ததால் சமாதானம் பேசப் போனவர்கள்தான் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

அதற்காக உறவு முறிந்துவிடவில்லை, அதுதான் வேடிக்கை. அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தார், மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தார், வேர்த்து வழிந்தபோது இடுப்பில் செருகி வந்திருந்த சொந்தப் பாட்டிலைத் திறந்து குடித்தார். தெற்குத் தெருவுக்குத் திறந்துவிடும் நாளில் மட்டும் மூடுகிற நேரத்துக்கு அவர் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடும், மற்ற தெருக்காரர்கள் மனுவே கொடுத்திருக்கிறார்கள். அவர் மனைவி காளீஸ்வரியோ வாரத்தில் மூன்று நாள் மதினி வீட்டில் காப்பி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். இது குருவையாவுக்கு மட்டும்தான் தெரியாது.

மூன்றாம் நாள் விடிந்தபோது மண்டபத்தில் டம்ளர்கள் இருந்தன, தண்ணீர் இல்லை. பால்காரம்மாதான் முதலில் பார்த்தாள்: டம்ளர் இல்லாமல், ஆனால் டம்ளரின் அளவும் உருவமும் கலையாமல், நானூற்றுச் சொச்சம் தண்ணீர்கள் மண்டபத்து வாசலிலிருந்து இறங்கி, தரையை நனைக்காமல், வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கி, தெருமுனையில் கொஞ்சம் நின்று யோசித்து, கிழக்கே போவது கிழக்கே, மேற்கே போவது மேற்கே என்று பிரிந்து போய்க்கொண்டிருந்தன. பால்காரம்மா சைக்கிளை நிறுத்தி அவற்றுக்கு வழிவிட்டாள். அவள் கேனில் இருந்த தண்ணீர் மட்டும் அசையாமல் இருந்தது, அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நாளுக்குள் விசயம் பிடிபட்டுவிட்டது. தண்ணீர் போனது அதைக் கொண்டு வந்தவர்களிடம் இல்லை, கொண்டு வந்தபோது அவர்கள் யாரை நினைத்தார்களோ அவர்களிடம். குடித்தால் ஒரு மிடறு, அதோடு சரி. குடிக்காவிட்டால் வாசலில் நிற்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் வீட்டு முன்னால் ஆறு தண்ணீர்கள் வரிசை பிடித்து நின்றன. தன் பிரம்பைத் தவிர வேறெதையும் இந்த ஊர் ஞாபகம் வைத்திருக்காது என்று நம்பியிருந்த மனிதர், உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஆறையும் ஒவ்வொன்றாகக் குடித்தார். ஒரு தண்ணீர் தேரடிக்குப் போய் அங்கே படுத்திருந்த செவலை நாய் முன் நின்றது, நாய் நக்கிக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. ஒன்று செல்போன் ரிப்பேர் கடை வாசலில் போய் நின்றது. அது யார் வீட்டுப் பெண் வைத்த தண்ணீர் என்று தெரிந்து தெருவே கடை முன் கூடிவிட்டது, கடைசியில் பெண்ணின் அப்பாவே வந்து அந்தப் பையனிடம் குடிக்கப் போறியா இல்லையா என்று கேட்க, பையன் குடித்தான், ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

மகன் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கிற ஒருத்தியின் தண்ணீர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கோயம்புத்தூர் வண்டியில் ஏறிவிட்டது. இதற்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜ் டிக்கெட்டா என்று கண்டக்டர் பயணிகளையே கேட்டார். சீட்டில் உட்காரவில்லை, கையில் தூக்கவும் இல்லை, அதனால் இரண்டும் வேண்டாம் என்று முடிவாகித் தன் காலடியிலேயே நிறுத்தி அழைத்துக்கொண்டு போனார். மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்த பொறியாளர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, குழாயில் பிரசர் கூடியிருக்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தண்ணீர் வந்து ஜீப் பக்கத்தில் நின்றது, அவருக்கு இந்த ஊரில் யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது, ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்துவிட்டு வந்தார். கோயில் மைக்கில் அறிவிப்புச் செய்தார்கள்: தெருவில் நடமாடும் தண்ணீருக்கு யாரும் இடைஞ்சல் செய்ய வேண்டாம், வீட்டுக் கதவுகளை ஒருச்சாய்த்து வைக்கவும். அந்த நாலு நாள் எங்கள் ஊர் சிரித்த சிரிப்பை வேறு எந்தத் திருவிழாவிலும் சிரித்ததில்லை. யாருக்காவது நாம் வேண்டியவராக இருக்கிறோம் என்று வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனால் மனுசன் சிரிக்காமல் என்ன செய்வான்.

குருவையா வாசலில் நின்ற தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. முதல் நாள் காலையில் கதவைத் திறந்தார், பார்த்தார், அது எந்த வீட்டுத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, சுற்றிக்கொண்டு இறங்கிச் சைக்கிளை எடுத்தார். தண்ணீர் பின்னாலேயே போனது. அவர் வடக்குத் தெரு வால்வைத் திறக்கும்போது குழி ஓரத்தில் நின்றது, டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் நின்றது, சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றது. ஆடிக்காற்று எங்கள் கரிசலில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, காயப்போட்ட வேட்டி கால் மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் தண்ணீர் குறைந்தது. தெற்குத் தெருவில் வேலுத்தாய் தன் பெரிய குரலில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டாள், இது ஒரு தடவைதான், குடித்தால் குடிக்கட்டும், காய்ந்தால் காயட்டும், இன்னொரு தடவை அனுப்ப நான் ஆள் இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்குத் தெரியும், ஊரைவிட அதிகமாகத் தம்பிக்குத் தெரியும்.

டீக்கடையில் நியாயம் நடந்தது. உன் வீட்டில் குடிக்க மாட்டேன் என்றுதானே சொன்னீர், இது உம்ம வீடு, உம்ம வாசல், குடித்தால் சபதம் எப்படிக் கெடும் என்று கேட்டார் சோடாக்கடைக்காரர். வாசல் என்னுது, தண்ணி அவளுது என்றார் குருவையா. அவளுது எப்படியாகும், நீர் திறந்துவிட்ட தண்ணீர்தானே அவள் குடத்தில் விழுந்தது என்று இன்னொருவர் மடக்கினார். குழாயில் இருக்கும்வரை ஊர்த்தண்ணி, குடத்தில் விழுந்துவிட்டால் வீட்டுத்தண்ணி என்று இருபத்தெட்டு வருசச் சர்வீஸை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார். தங்கப்பழம், மச்சினன் ஒரு மிடறு குடித்துத் தொலைத்தால் என் வீட்டில் நான் நிம்மதியாகச் சோறு தின்பேன் என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் மூன்றாம் நாளிலிருந்து நாங்கள் வேறொன்றைக் கவனித்தோம். குருவையா தன் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளாமல் சைக்கிள் ஹேண்டில்பாரில் விரித்துக் கட்டி, தண்ணீர் அதன் நிழலிலேயே வருகிற மாதிரி மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். காற்று அடிக்கிற பக்கமாக அவர் நடந்தார், காற்று மாறினால் அவரும் பக்கம் மாறினார். வால்வுக் குழிக்குள் குளுமையாக இருக்கும் என்று அதை முதலில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் சாவியைப் போட்டார். அவர் அதனிடம் பேசுவதைக் காளீஸ்வரி கேட்டிருக்கிறாள்: மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாராம். இல்லை, மதினி என்று சொல்லவில்லை, அக்காவுக்கு என்றார், பதினோரு வருசத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் மூக்கைச் சிந்தினாள். எங்களுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு பாசமும் வைத்துக்கொண்டு ஒரு மிடறு குடிக்க இந்த மனிதருக்கு என்ன கேடு என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் தண்ணீர் அரை டம்ளருக்கும் கீழே, ஒரு கை அள்ளுக்கு வந்துவிட்டது. மண்டபத்துச் சுவரில் சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்த ரெஜினா, குடிக்காமல் நிற்கிற அந்தத் தண்ணீரைப் பற்றியும் ஒரு சீட்டு எழுதி வாங்க அவரைத் தேடி வந்தாள். வெளியூர்ப் பெண் என்பதால்தானோ என்னவோ, ஊரில் எவரிடமும் சொல்லாததை அவர் அவளிடம் சொன்னார். நீங்க ஏன் குடிக்கலை என்று அவள் கேட்டதற்கு, சபதம், மானம் என்று எதையும் இழுக்கவில்லை.

“முத ரெண்டு நா வீம்புதான் தாயி, இல்லைங்கல. இப்ப அது இல்ல. பதினோரு வருசத்துல அவ வீட்லருந்து என் வாசலுக்கு வந்தது இது ஒண்ணுதான். குடிச்சிட்டா தீந்துரும்ல?”

ரெஜினா அதைச் சொன்னபடியே சீட்டில் எழுதி, மண்டபத்துச் சுவரில், ‘என் வீட்டுத் தண்ணி’ என்ற சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சமாதானம் செய்துவைக்கிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, பக்கத்தில் இடம் இருந்தது, ஒட்டினாள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் சுவரில் ஒட்டியது ஒரு மணி நேரத்தில் எட்டுத் தெருவுக்கும் போய்விடும். வேலுத்தாய் கடையிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சீட்டை எழுத்தெழுத்தாக வாசித்தாள், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். கிறுக்குப் பய, கிறுக்குப் பய என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்தது கண்ணாடியைத்தானா என்று பார்க்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

இறங்கு வெயிலில் வேலுத்தாய் இடுப்பில் குடத்தோடு தம்பி வீடு இருக்கிற வடக்குத் தெருவுக்கு வந்தபோது ஊர் முழுக்க அவள் பின்னால் வந்தது. தீப்பெட்டி ஆபீசில் மத்தியானத்துக்கு மேல் லீவு விட்டுவிட்டார்கள், வாத்தியார் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பஸ் நின்று கண்டக்டரும் இறங்கிக்கொண்டார். குருவையா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து, மிச்சம் இருந்த தண்ணீருக்குக் காற்று மறைத்துக்கொண்டிருந்தார். வேலுத்தாய் முட்டுவலியோடு மூச்சு வாங்க நின்று குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஏலே குருவையா,” என்றாள். பதினோரு வருசம் கழித்து அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். “தீந்துரும்னு எவம்லே சொன்னான் ஒனக்கு? குடி. தீந்தா இந்தா கொடத்துல இருக்கு. கொடம் தீந்தா வீட்ல தொட்டி நெறைய இருக்கு. நான் இருக்கேம்லே.”

குருவையா அவளை நிமிர்ந்து பார்த்தார். கையில் அள்ளினார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவர் உள்ளங்கைக்குள் ஏறிக்கொண்டது. குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் வைத்து மெதுவாக, இருபத்தெட்டு வருசமாகத் தண்ணீரை ருசி பார்த்தே தொட்டியின் நிலைமையைச் சொல்லுகிற மனிதர் குடிக்கிற மாதிரி குடித்தார். காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் இப்போது அழுவார், அல்லது அக்கா காலில் விழுவார் என்று நாங்கள் எல்லாரும் துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார்.

“பாசி வாடை அடிக்கிக்கா,” என்றார். “தொட்டி கழுவி எத்தன வருசமாச்சு?”

“பதினொண்ணு,” என்றாள் வேலுத்தாய்.

குருவையா எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், உள்ளே போய்த் தென்னந்துடைப்பத்தையும் தேய்க்கிற கட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார், குடத்தைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு தெற்குத் தெருவைப் பார்த்து நடந்தார், அக்கா அவர் பின்னால் நடந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி அந்தத் தொட்டிக்குள் இறங்கி, முதுகு ஒடிய ஒடியத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த தங்கப்பழம் கூட்டத்தில்தான் நின்றார். கண்டக்டர் அவர் பக்கம் திரும்பி, அப்படியா அண்ணாச்சி, பதினோரு வருசமாகவா கழுவவில்லை என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார் தங்கப்பழம்.